மாயூரத்தில் மலர்ந்த நட்பு

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரையை அடுத்த ஒரு பங்கிலே, திருமணத்திற்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்கான வகுப்பு ஒன்றில் பேச நம்மை அழைத்திருந்தார்கள். சம்பா அறுவடை முடிந்து, தவக்காலம் தொடங்குவதற்குள் மகனுக்கோ மகளுக்கோ மணத்தை முடித்துவிட வேண்டுமென்று வீடுகள் பரபரக்கும் காலம் அது. கணவன் மனைவி உறவு பற்றி நாம் ஆயத்தம் செய்து சென்றவற்றையெல்லாம் கூறி முடித்தோம். அப்போது, வெளிநாட்டில் வேலை பார்த்து விடுமுறையில் வந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, எங்களுக்கு நிச்சயதார்த்தம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. தினமும் தொலைபேசியில் பேசுகிறோம். எனக்குப் பிடித்தது அவளுக்கும் பிடித்திருக்கிறது. அவளுக்குப் பிடித்தது எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் நாங்கள் நெருங்கிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நெருக்கம் என்பது எப்படி வருகிறது, ஐயா?"

அவருக்கென நிச்சயிக்கப்பட்ட பெண் அதே அறையில், பெண்கள் வரிசையில், தலை குனிந்து அமர்ந்திருந்தாள். நாம் ஏதோ விடை சொன்னோம். பொறுமை என்றோம், செபம் என்றோம். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். அவ்விடை அவருக்கும் நிறைவு தரவில்லை, நமக்கும் நிறைவு தரவில்லை என்பதே உண்மை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வினா நம்முடன் வந்தது.

நம் தஞ்சை நாட்டிலே ஒருவரையொருவர் அறியாமல் வாழ்வது அரிது. இங்கே பல இடங்களில் வாய்க்கால் நீர் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியே வருவதில்லை. மேல் வயலில் நிறைந்து, வரப்பில் வெட்டிய மடை வழியே கீழ் வயலுக்கு இறங்கும். மேலே இருப்பவர் மடையை அடைத்தால் கீழே இருப்பவரின் நாற்று வாடும். ஆகவே யார் எப்பொழுது நட்டார், யார் வீட்டில் யாருக்கு உடல்நலமில்லை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆயினும் நாற்பதாண்டுகள் ஒரே மடையில் நீர் பாய்ச்சியவர்கள், ஒருவர் வீட்டுத் திண்ணையில் மற்றவர் ஒருநாளும் ஏறி அமராமலே மறைந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அறிந்திருப்பது வேறு, நெருங்கியிருப்பது வேறு. வீட்டுக்குள்ளும் இதே நிலை உண்டென்பதைப் பல குடும்பங்கள் சொல்லாமலே அறியும்.

அந்த இளைஞருக்கு நாம் கூறியிருக்க வேண்டிய விடை, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே காவிரிக் கரையில், மாயூரத்தில் வாழ்ந்த சிலரிடம் இருக்கிறது என்று பின்னர்த் தோன்றியது. 1982-ஆம் ஆண்டில் மயிலாடுதுறை என்று பெயர் பெற்று, 2020 முதல் தனி மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் ஊர்தான் அந்த மாயூரம்.

முன்சீபும் புலவரும்

நம் கத்தோலிக்க வாசகர்களுக்கு மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 1826-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக விளங்கியவர். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவரும் அவரே. 'தேவமாதா அந்தாதி' பாடியவரும் அவரே.

மற்றவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-இல் பிறந்தவர். தேர்ந்த சைவர், திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். இருபதுக்கும் மேற்பட்ட தல புராணங்களைப் பாடியவர். அவர் வாய் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர்; எழுதுகிறவர் கை ஓய்ந்தாலும் பாடுகிறவர் நா ஓயாது என்பார்கள். புலமை கடல் போன்றது. கையிருப்போ எப்போதும் வறண்டது. கடன் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை.

ஒருவர் நீதிபதி, மற்றவர் ஏழைப் புலவர். ஒருவர் நற்கருணை உட்கொள்பவர், மற்றவர் நீறு பூசியவர். இவர்கள் திருச்சியிலேயே அறிமுகமானவர்கள். அந்த அறிமுகத்தைத் தமிழ் என்ற ஒரே வாயில்தான் தந்தது. வேதநாயகருக்குச் செய்யுள் மீது தணியாத ஆசை. மகாவித்துவானுக்குச் செய்யுளே மூச்சு. ஒரே பொருளில் ஆசை கொண்டவர்கள் கூடுவது இயல்பே. சங்கீத சபாவிலும் சந்தைக் கடையிலும் நாள்தோறும் அத்தகையோர் கூடிக் கலைகிறார்கள். இவர்கள் கலையவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. திருச்சியில் தொடங்கியது சீகாழியில் தொடர்ந்து மாயூரத்தில் வேரூன்றிற்று. வேதநாயகர் சீகாழியில் முன்சீபாக இருந்தபோது மகாவித்துவான் அத்தலத்தின்மீது 'சீகாழிக் கோவை' பாடினார். நண்பரின் நூலைப் பாராட்டி வேதநாயகர் செய்யுள் இயற்றினார். பிறகு மகாவித்துவான் தம் நண்பர்மீதே ஒரு கோவை பாடினார். அதுவே 'குளத்தூர்க் கோவை'.

கோவை என்னும் நூல்வகையைப் பற்றி இவ்விடத்தில் சற்று விரிவாகவே கூற விழைகிறோம். ஏனெனில் நாம் எடுத்துக்கொண்ட பொருளையே அது தன் உடலாகக் கொண்டிருக்கிறது. ஏறத்தாழ நானூறு பாடல்கள். அவ்வளவும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நெருங்கும் வரலாறு. முதலில் காட்சி. அடுத்து ஐயம்: இவள் மானிடப் பெண்தானா என்று தலைவன் மயங்குகிறான். பிறகு தெளிவு. முதல் கூட்டத்துக்குப் பின் வழி எளிதாவதில்லை. தலைவன் தன் பாங்கனிடம் மனத்தைத் திறக்க வேண்டும், பாங்கன் கடிந்துரைப்பான். தலைவியின் தோழியை நாட வேண்டும். அவள் எளிதில் இசைய மாட்டாள். காவல் குறுக்கிடும், ஊர் அலர் தூற்றும். பின்னரே வரைவு என்னும் திருமணம். அதன் பின்னும் நூல் முடிவதில்லை. பொருள் தேடப் பிரிதலும் ஊடலும் அங்கேதான் வருகின்றன. ஐந்து மாதத் தொலைபேசிப் பேச்சில் எல்லாம் கைகூடவில்லையே என்று ஏங்கிய இளைஞருக்கு, நம் முன்னோர் எத்தனை படி வைத்திருந்தார்கள் என்பதை அன்றே சொல்லியிருக்கலாம். பாங்கனும் தோழியும் இல்லாமல் இருவர் மட்டுமே தனித்து நெருங்கிவிட முடியும் என்று அவர்கள் எண்ணவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இக்கதை நிகழ்பவர்களுக்குப் பெயர் இராது. பாடல்தோறும் புகழப்படும் பாட்டுடைத் தலைவனுக்கே பெயர் உண்டு. அவ்விடத்தில் மன்னனையோ இறைவனையோ வைப்பது மரபு. அங்கே ஒரு கத்தோலிக்க முன்சீபைக் கொண்டுவந்து அமர்த்தினார் அச்சைவப் பெரும்புலவர். தம்மிடம் இருந்தவற்றுள் விலையுயர்ந்தது எதுவோ அதை நண்பருக்குக் கொடுத்தார்.

வேதநாயகர் இதற்காகத் தம் விசுவாசத்தில் எதையும் தளர்த்திக்கொண்டவர் அல்லர். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகருடன் நட்புப் பூண்டு, அவர்மீது செய்யுள் பாடிய அதே கைதான் தேவ அன்னையின்மீது அந்தாதி எழுதிற்று. பிற சமயத்தாரிடம் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை மதிக்கிறது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிக்கை விடுத்தது. அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாயூரத்தில் ஒரு குடும்பத் தலைவர் அதை நடத்திக்கொண்டிருந்தார். தாம் யார் என்பதை மறைத்துப் பெற்ற நட்பு அன்று அது. இருவரில் எவரும் மற்றவரைப் போல் ஆக முயலவில்லை.

திண்ணையில் கேட்ட பாட்டு

நெருங்குவதற்கு முன் விலக்கம் வருவதும் உண்டு. இதற்கு அதே மாயூரத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம்.

'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அங்கு வாழ்ந்தவர். தம் நூலுக்கு மகாவித்துவானிடம் சிறப்புப் பாயிரம் பெற விரும்பினார். மகாவித்துவானுக்கோ அந்நூல் பிடிக்கவில்லை. இலக்கண வழுக்கள் இருந்தன; கதையும் பெரிய புராணத்தில் உள்ளபடி இல்லை. முகத்துக்கு நேரே மறுக்கவும் மனமில்லை. பாரதியார் வரும்போதெல்லாம் ஏதேனும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். பாரதியாரும் சலிக்காமல் வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் நண்பகலில் அவர் வந்தபோது மகாவித்துவான் உணவுண்டு உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்பாமல் திண்ணையில் அமர்ந்த பாரதியார், பொழுது போகத் தம் கீர்த்தனை ஒன்றைத் தமக்குத் தாமே பாடலானார். தில்லைக்குப் போக ஏங்கும் நந்தனின் உள்ளம் அப்பாட்டில் இருந்தது. உள்ளே விழித்துக்கொண்ட புலவர் எழுந்து வரவில்லை, படுத்தபடியே கேட்டார். கேட்கக் கேட்கக் கண்ணீர் பெருகிற்று. பின் வெளியே வந்து பாயிரச் செய்யுளை அருளினார். இலக்கண வழு அப்படியேதான் இருந்தது. அதற்கு அப்பால் இருந்த மனிதரை அன்று அவர் கேட்டுவிட்டார்.

நம் இல்லங்களில் ஒருவர் மற்றவரைக் கேட்பது பெரும்பாலும் மறுமொழி சொல்வதற்காகவே. மறுமொழி சொல்ல வேண்டிய கடமை இல்லாத நேரத்தில், அவர் நம்மை நோக்கிப் பேசாத நேரத்தில், அவரைக் கேட்க நமக்கு வாய்க்கிறதா? அடுக்களையில் தனியே பாடிக்கொண்டிருக்கும் மனைவியின் குரலைச் சற்று நின்று கேட்ட கணவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்க்கலாம்.

தளிர் தேடிய மாணவன்

1871-ஆம் ஆண்டில் பதினாறு வயது நிரம்பிய ஓர் இளைஞனைத் தந்தையார் மாயூரத்துக்கு அழைத்து வந்தார். உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மகன். பின்னாளில் உ. வே. சாமிநாதையர் என்று உலகம் போற்றியவர் அவரே. மகாவித்துவானிடம் பாடம் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை. ஆனால் ஆசிரியர் உடனே மகிழ்ந்து ஏற்கவில்லை. இப்படிப் பலர் வருகிறார்கள், சில காலம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றார். பலமுறை நம்பி, பலமுறை விடப்பட்டவருடைய சொல் அது. நண்பனைச் சோதித்து அறிந்த பின்னரே நம்பு என்று சீராக் ஆகமம் கூறுவது நம் நினைவுக்கு வருகிறது.

எப்படியோ அனுமதி கிடைத்தது. ஆயினும் ஆசிரியரின் உள்ளத்தில் இடம் கிடைக்கவில்லை. கூச்சமுள்ள மாணவன், வாய் திறந்து கேட்கவும் துணிவில்லை. அவன் செய்தது இதுதான். மகாவித்துவானுக்குத் தாம் வைத்து வளர்க்கும் மரங்களின்மீது தனிப் பற்று. அதிகாலையில் அவற்றருகே சென்று, எந்தக் கிளையில் புதிய தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்து மகிழ்வார். இதைக் கண்டுகொண்ட சாமிநாதன், ஆசிரியர் வருமுன்பே இருளோடு எழுந்து தோட்டத்துக்குப் போய், புதிதாகத் துளிர்த்த இடங்களை மரம் மரமாகத் தேடி வைத்துக்கொள்வான். அவர் வந்தவுடன், இதோ இங்கே ஒரு தளிர் என்று காட்டுவான். அவர் முகம் மலரும். அந்த மலர்ச்சியைப் பற்றிக்கொண்டு மெல்லப் பாடத்தைப் பற்றிப் பேச்செடுப்பான்.

இதைப் பிற்காலத்தில் ஐயரவர்களே தம் வரலாற்றில் ஒளிவு மறைவின்றி எழுதியிருக்கிறார். தன்னலமும் அதில் கலந்திருந்தது என்று அவரே சிரித்துக்கொள்வது போலத் தோன்றும். இருக்கட்டும். தூய நோக்கம் ஒன்றே கொண்டு யார் யாரை முதலில் அணுகுகிறோம்? ஒருவர் எதைக் கண்டு மகிழ்கிறாரோ அதைக் கூர்ந்து அறிந்து, அவருக்கு முன்பே விழித்தெழுந்து தேடினான் அப்பிள்ளை. எனக்குப் பிடித்தது அவளுக்கும் பிடித்திருக்கிறது என்று ஒப்புப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. அந்த மரங்களின்மேல் சாமிநாதனுக்கு முன்பு என்ன பற்று இருந்திருக்கப் போகிறது!

சோதனையும் வந்தது. சங்கீதப் பரம்பரையில் வந்த சாமிநாதன், மாயூரத்தில் இருந்த பாரதியாரிடம் போய்ச் சங்கீதம் கற்கலானான். ஆசிரியரிடம் சொல்லவில்லை. ஒரு நாள் பாரதியார் மூலமாகவே செய்தி வெளிப்பட்டது. சங்கீதத்தில் மனம் சென்றால் தமிழில் அறிவு ஊன்றாது என்பது மகாவித்துவானின் எண்ணம். அவர் வருந்தினார். மாணவன் சங்கீதப் பயிற்சியை நிறுத்திக்கொண்டான்.

ஆசிரியரின் கருத்து சரியா என்று கேட்டால், நமக்கு உடன்பாடு இல்லை. இசையும் தமிழும் பகையல்ல. பாரதியாரின் பாட்டுக்கு அழுதவர் இதைச் சொன்னது வியப்பாகவும் இருக்கிறது. ஆயினும் மாணவன் தனக்கு இனிமையான ஒன்றை விட்டது, அவரது வருத்தத்தைக் கண்டு. உறவின் பொருட்டு எதையும் விடாதவர்களுக்கு அதன் விலை தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஒருவரே விட்டுக்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு என்பதை மறக்கவில்லை. பெரும்பாலும் அவர்கள் பெண்கள். அதனை நெருக்கம் என்று நாம் அழைக்க மாட்டோம்.

மார்பிற் சாய்த்தவர்

மகாவித்துவானிடம் பயின்றோர் பல சமயத்தவர். நாகூர் குலாம் காதிறு நாவலர் என்ற இஸ்லாமியப் புலவரும் அவர் மாணாக்கரே. கிறிஸ்தவரான சவேரிநாத பிள்ளை என்பவர் ஆசிரியரை விட்டுப் பிரியாமல் தொண்டு செய்தவர். ஒரே ஆசிரியரின் முன் ஒன்றாக அமர்ந்து பாடம் கேட்ட இவர்கள், உண்ணும் நேரத்தில் சாதிக்கேற்பப் பிரிந்து செல்ல வேண்டிய காலம் அது. அதைப் பழித்துரைக்கும் உரிமை நமக்கு உண்டா என்பதும் ஐயமே. அந்நாளில் நம் ஆலயங்களுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி உட்கார்ந்திருந்தோம். கல்லறைத் தோட்டத்தில் கூடப் பிரித்துக் கிடத்தினோம். சில ஊர்களில் அந்தப் புண் இன்னும் முழுவதும் ஆறவில்லை.

1876-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையில் மகாவித்துவானின் இறுதி நேரம் வந்தது. அருகில் இருந்த சாமிநாதையர் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தை வாசித்தார். அவ்வேளையில் ஆசிரியரைப் பின்னிருந்து ஏந்தித் தம் மார்பிலே சாய்த்துக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை. சைவப் பெரும்புலவர் ஒருவர், அந்தண மாணவர் ஓதும் திருவாசகத்தைக் கேட்டவாறு, கிறிஸ்தவ மாணவரின் மார்பில் சாய்ந்து உயிர் நீத்தார். இது கதையன்று, அருகில் இருந்தவரே எழுதி வைத்த வரலாறு.

நோயாளியைத் தாங்கிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது வீட்டில் முதியோரைப் பேணியவர்களுக்குத் தெரியும். கை மரத்துப் போகும், முதுகு நோகும். அசைந்தால் அவர் விழித்துக்கொள்வாரோ என்று அசையாமல் இருக்க வேண்டும். அவரது மூச்சு ஏறி இறங்குவது தம் நெஞ்சிலேயே தெரியும். நெருக்கம் என்ற சொல்லுக்கு உடலால் பொருள் தெரிவது அப்போதுதான்.

நண்பர் மறைந்த சில மாதங்களில் தாது வருடப் பஞ்சம் மூண்டது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் இலட்சக்கணக்கானோரைக் கொண்டுபோன கொடும் பஞ்சம். காவிரி நாட்டின் தெருக்களிலும் பசித்தவர்கள் வந்து குவிந்தனர். 1872-இலேயே முன்சீப் பதவியை விட்டிருந்த வேதநாயகர், மாயூரத்தில் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகளை ஏற்படுத்தினார். அதனைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். இறைவனைத் தவிர யாரையும் பாட விரும்பாத துறவி மனத்தவர் ஒரு கிறிஸ்தவரைப் பாடினார் என்றால், அவர் கண்டது எதுவாக இருந்திருக்கும்! இசைக்கும் புலமைக்கும் அப்பால், தெருவில் நின்று கஞ்சி வார்த்தவரைக் கண்டார். இரு நண்பர்களுக்கிடையே மட்டும் நின்றுவிடாத நட்பாக அது வளர்ந்திருந்தது.

இத்தகைய நட்புகளுக்கு உரியவரான வேதநாயகர், இல்லற உறவைப் பற்றி என்ன எண்ணினார்? அவர் தம் வாழ்வில் மனைவியரை ஒருவர்பின் ஒருவராக மரணத்துக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தைச் சுமந்தவர் எழுதிய நாவல் சிரிப்பு நிறைந்ததாக இருப்பது வியப்பு. 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் செல்வ வீட்டுப் பிள்ளை பிரதாபனை அடிக்கக் கூடாதென்று பாட்டியின் கட்டளை. ஆகவே அவன் பாடம் படிக்காதபோதெல்லாம் ஆசிரியர் தம் மகன் கனகசபையை அடிப்பார். வெகுநாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு கட்டத்தில் வெட்கம் வருகிறது, படிக்கத் தொடங்குகிறான். தனக்கு விழ வேண்டிய அடியை மற்றவன் வாங்கியதில் ஊன்றிய நட்பு அது.

பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் உள்ள உறவும் குழந்தைப் பருவத்தில் உடன் படிப்பதில் தொடங்குகிறது. அறிவில் அவள் அவனினும் மேம்பட்டவள். அதை அவன் அறிவான், மறைக்க முயல்வதுமில்லை. மணமக்கள் எந்த வீட்டில் வாழ்வது என்று இரு தந்தையரும் வாதிட்டுத் திருமணப் பேச்சே முறிந்துபோகிற இடம், இன்றும் நம் பங்குகளில் எத்தனையோ வீட்டு முற்றங்களில் நடப்பதே! பெண்ணின் கல்விக்காக 1869-இலேயே 'பெண்மதி மாலை' எழுதியவர், மனைவியைக் கணவனின் தோழியாகப் படைத்ததில் புதுமை இல்லைதான். ஆனால் அந்நாளில் அதைப் படித்த கணவன்மார் எத்தனை பேர் மனைவியிடம் தம் அறியாமையை ஒப்புக்கொண்டிருப்பார்கள்?

இவற்றையெல்லாம் நாம் அந்த வகுப்பில் சொல்லவில்லை. அன்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் வகுப்பு கலைந்த பின் அந்த இளைஞர் நம்மைத் தேடி வந்தார். மற்றவர்கள் போகும்வரை ஆலய முகப்பின் தூணருகே காத்து நின்றார்.

வெளிநாட்டு வேலைக்காக முகவரிடம் கட்டிய பணம் முழுவதும் வட்டிக்கு வாங்கியது. நிலத்தின்மேலும் அடமானம் இருக்கிறது. பெண் வீட்டாருக்குத் தெரியாது. அவளிடமும் சொல்லவில்லை. "சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பாளோ, ஐயா" என்றார். ஐந்து மாதமாக எல்லாவற்றையும் பேசியவர்கள் இதைப் பேசவில்லை.

கல்யாணத்திற்கு முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள் என்றோம். அதைச் சொன்னபோது திருமணம் நின்றுவிடுமோ என்று நமக்கும் அச்சம் இருந்தது. அந்த அச்சத்தோடுதான் வீடு திரும்பினோம்.

தவக்காலத்துக்கு முந்திய வாரத்தில் திருமண அழைப்பிதழ் வந்தது. பின்பு ஒருமுறை அவ்வூர்த் திருவிழாவுக்குச் சென்றபோது அவர்கள் வீட்டில் உணவருந்தினோம். கடன் எப்படி இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டோம். "இன்னும் தீரவில்லை, ஐயா" என்று சிரித்தார் அவர். எவ்வளவு பாக்கி என்றோம். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியை அழைத்தார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாடத்தில் மாதா சுரூபத்தின் பின்னாலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்தாள்.